நாலு பேர் வந்தால் ஆட்டம் இல்லை

வாலரன்ட் என்பது ஐந்துக்கு ஐந்து பேர் ஆன்லைனில் சுட்டு ஆடும் கம்ப்யூட்டர் கேம். ஜெயித்தால் ஏறி, தோற்றால் இறங்கும் அதன் ரேங்க் ஆட்டத்துக்குத் தனியாகப் போகலாம். ஜோடியாகப் போகலாம், மூன்று பேராகப் போகலாம், ஐந்து பேர் முழு டீமாகச் சேர்ந்தும் போகலாம். நாலு பேராக மட்டும் போக முடியாது. ஆட்டத்துக்கு முன் கூடும் லாபியில் நாலு பேர் நின்றால் ரேங்க் ஆட்டம் தொடங்கவே தொடங்காது.

எங்கள் காலேஜ் வாட்ஸப் குரூப்பில் இந்த விதிக்கு அடிக்கடி திட்டு விழும். ராத்திரி பத்தரை மணிக்கு நாலு பேர் ரெடியாக இருப்போம், ஐந்தாவது ஆள் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பான். "ஒருத்தன் வரலன்னா என்னடா, ரேண்டம் ஒருத்தனப் போட்டுக்க வேண்டியதுதானே? எதுக்கு விடமாட்டேங்கறாங்க?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு முறையும் அந்த விதிக்காகப் பேசுகிறவன் நான்தான். மொபைலில் துண்டு துண்டாக டைப் செய்ததை எல்லாம் இங்கே முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத வேண்டியது அந்த "ரேண்டம் ஒருத்தனை"ப் பற்றித்தான், அதாவது கேமே எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்க்கும் முன்பின் தெரியாத ஆளைப் பற்றி.

வேறொரு ஷூட்டர் கேமில் அந்த ஐந்தாவது ஆளாக நான் இருந்திருக்கிறேன். அங்கே நாலு பேர் சேர்ந்து வர அனுமதி உண்டு. மும்பை சர்வர். ஆட்டம் தொடங்கியதும் மைக்கில் ஹலோ சொன்னேன், தெரிந்த இந்தியிலும் ஏதோ சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை. நாலு பேரும் டிஸ்கார்ட் என்ற வேறொரு ஆப்பில் தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கேமுக்குள் இருக்கும் வாய்ஸ் சாட் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பாம் வைக்க ஏ, பி என்று இரண்டு இடம். முதல் ரவுண்டில் எல்லோரும் பி பக்கம் போகிறோம் என்று நினைத்து நானும் போனேன். பாம் என் கையில். திடீரென்று மினிமேப்பில் நாலு புள்ளிகளும் ஒரே நேரத்தில் திரும்பி ஏ பக்கம் ஓடின. யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், எனக்கு மட்டும் கேட்கவில்லை. நான் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மூன்று பேர் செத்தாகிவிட்டது. அதற்கப்புறம்தான் சாட்டில் முதல் வரி வந்தது: பாம் எங்கே?

கொஞ்ச நேரத்தில் என்னை வெளியேற்றச் சொல்லி ஓட்டெடுப்பு வந்தது. மொத்தம் ஐந்து பேர். அதில் நாலு ஓட்டு ஒரே அறையில் இருக்கிறது. எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது?

அந்த நாலு பேர் மீது எனக்கு வருத்தம் கிடையாது. சிரித்துப் பேசிக்கொண்டு ஆடியிருப்பார்கள். நாலு நண்பர்கள் சேர்ந்தால் அப்படித்தான் ஆடுவார்கள், நாங்களும் அப்படித்தான். கோளாறு நாலும் ஒன்றும் என்ற அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மூன்றும் இரண்டும் என்றால் அந்த இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மூன்று பேர் குழுவோடு தனித்தனியாக வந்த இரண்டு பேர் சேர்ந்தாலும், கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாகிவிடுவார்கள். நாலும் ஒன்றும் ஆகும்போதுதான் ஒரு ஆளுக்கு அந்த டீமில் யாருமே இல்லாமல் போகிறது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற இன்னொரு ஐந்துக்கு ஐந்து கேமில், குழுவாக ஆடுவதற்கான ஃப்ளெக்ஸ் ரேங்க்கிலும் இதே விதிதான்: 1, 2, 3 அல்லது 5. நாலு கிடையாது. இதை வகுத்தவர்கள் தனியாக வந்தவனின் நாற்காலியில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

பப்ஜி, பிஜிஎம்ஐ ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகவே தெரியும். அங்கே ஸ்குவாட் என்றால் நாலு பேர். மூன்று பேர் போனால் நாலாவதாக யாரையாவது சேர்த்துவிடும், வேண்டாம் என்றால் அந்த ஆட்டோ மேட்ச்சை நிறுத்திவிட்டு மூன்று பேராகவே இறங்கலாம். ஈரோட்டில் இருக்கும் என் அக்கா பையன் எப்போதும் நிறுத்தித்தான் வைத்திருப்பான். "மாமா, ரேண்டம் வந்தா தொல்லை. நாங்க ஒரு பக்கம் குதிச்சா அவன் ஒரு பக்கம் குதிக்கிறான்" என்றான். நீங்கள் எங்கே குதிக்கிறீர்கள் என்று அவனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "நாங்க மூணு பேரும் போன் கால்ல இருக்கோம் மாமா, அவனுக்கு எப்படிச் சொல்றது?" என்றான். சரி, அப்படியானால் அவன் நிறுத்தி வைத்திருப்பதே நல்லது. நாலு பேர் ஸ்குவாட்களுக்கு எதிராக மூன்று பேராக ஆடும் கஷ்டத்தை அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள், தெரியாத ஒருவன் தலையில் அதைக் கட்டுவதில்லை.

இனி கொஞ்சம் கணக்கு. நண்பர்கள் ஏன் டீம் பிரிக்கிற வேலையைக் கடினமாக்குகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பத்து பேரை ஐந்து ஐந்தாகப் பிரிக்க மொத்தம் 126 வழி உண்டு. பத்து பேரும் தனித்தனியாக வந்திருந்தால், அந்த 126-லிருந்து இரண்டு பக்கமும் மிகச் சரியாக ஒத்துப்போகிற ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் "எங்களைப் பிரிக்காதீர்கள்" என்று சொன்ன உடனே அது 56 ஆகிவிடும். மூன்று பேர் சேர்ந்து வந்தால் 21. நாலு பேர் என்றால் 6. அதாவது மீதி இருக்கும் ஆறு பேரில் யாரை அந்த நாலு பேரோடு போடுவது என்பது மட்டும்தான் பாக்கி. ஐந்து பேர் சேர்ந்து வந்தால் பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை, எதிரே யாரை நிறுத்துவது என்ற கேள்விதான். இது இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து பேருக்கு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு என்று ஆடுகிற கேம்களில், பாதி ஆட்டத்தில் ஆட்கள் வெளியேறி, உள்ளே வந்து, நடுவில் சமப்படுத்த வேண்டி வரும்போது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு நண்பனை இந்தப் பக்கமும் இன்னொருவனை அந்தப் பக்கமும் தூக்கிப் போட்டால், இரண்டு பேரும் அடுத்த நிமிடம் சர்வரை விட்டே போய்விடுவார்கள். சமப்படுத்தப் போய் இரண்டு ஆள் குறைந்ததுதான் மிச்சம்.

எங்கள் ஹாஸ்டலில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற பழைய ஷூட்டர் கேம் ஓடிய காலத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். அந்த சர்வருக்கு டீம் பேலன்ஸ் என்ற ஒரு அமைப்பு உண்டு, ஆனால் அது தலையை மட்டும்தான் எண்ணும். ஒரு பக்கம் ஆள் கூடிவிட்டால் புதிதாக யாரையும் சேர விடாது, ரவுண்டு முடிந்ததும் ஒருவரை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். யார் நன்றாகச் சுடுவார்கள், யார் நேற்றுத்தான் மவுஸைத் தொட்டார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஐந்துக்கு ஐந்து சரியாக இருக்கும், ஸ்கோர் பத்துக்கு ஒன்று என்று இருக்கும். கடைசியில் வராண்டாவில் நின்று ஒரு சீனியர் அண்ணன் கத்துவார்: "டேய், ஸ்னைப்பர் வச்சிருக்கவன் இந்தப் பக்கம் வாடா. உன் ரூம்மேட்டும் வரட்டும். அதுக்குப் பதிலா ரெண்டு பேர் அங்க போங்க." கவனித்துப் பாருங்கள், ரூம்மேட்டையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார். பிரித்தால் ஆட்டமே கலையும் என்று அவருக்குத் தெரியும்.

அதற்கும் முன்னால், கரூர் பக்கம் எங்கள் ஊரில் கபடிக்கு உத்தி பிரிப்பார்கள். இரண்டு பேர் தலைவர்கள். மற்றவர்கள் தங்களுக்குச் சமமான ஆளாகப் பார்த்து ஜோடி சேர்ந்து தள்ளிப் போய், ஆளுக்கு ஒரு பெயர் ரகசியமாக வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருவன் சூரியன், ஒருவன் சந்திரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" தலைவர் ஒன்றைச் சொல்வார், அந்தப் பெயருக்கு உரியவன் அந்தப் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். பிரமாதமான முறை. யார் வலு என்று யாரும் வெளியில் சொல்ல வேண்டியதில்லை, கடைசியாக எடுக்கப்பட்டவன் என்ற அவமானம் எந்தப் பையனுக்கும் இல்லை, இரண்டு பக்கமும் தானாகவே சமமாகிவிடும். ஆனால் ஒன்று நிச்சயம்: யாரோடு ஜோடி சேர்ந்து போகிறாயோ அவன் உனக்கு எதிரணி. சேர்ந்தே ஆட ஆசைப்படும் இரண்டு பேர் செய்ய வேண்டியதெல்லாம் வேறு வேறு ஆளோடு போய்விட்டு, ஒரே பக்கம் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வதுதான்.

கம்ப்யூட்டர் கேம்களில் திறமையை எண்ணாக்குவது சதுரங்கத்திலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ உருவாக்கிய முறையை உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1970-ல் எடுத்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் நாலு ஆட்டத்தில் சுமார் மூன்று புள்ளி எடுப்பார், 400 வித்தியாசம் என்றால் அவர் எடுக்கும் பத்துப் புள்ளிக்குக் கீழே இருப்பவருக்கு ஒன்று. ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது இது அழகாக வேலை செய்யும். டீமாக ஆடும்போது? மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் கேம்பிரிட்ஜ் கிளையில் ரால்ஃப் ஹெர்ப்ரிச், டாம் மின்கா, தோரே கிரேப்பல் மூவரும் அந்த நிறுவனத்தின் ஆன்லைன் கேம் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவுக்காக ட்ரூஸ்கில் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். கட்டுரை 2006-ல் வந்தது, அடுத்த ஆண்டு வெளிவந்த ஹேலோ 3 என்ற ஷூட்டர் கேம் இதைப் பயன்படுத்தியது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் 25 என்று ஒரு திறமை எண், கூடவே அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இன்னொரு எண். ஆட ஆட நம்பிக்கை கூடும். டீமின் திறமை என்ன? உறுப்பினர்களின் எண்களைக் கூட்டினால் வருவது.

அந்தக் கூட்டல்தான் நண்பர்களிடம் எடுபடாது. ஐந்து வருடமாக ஒன்றாக ஆடுகிற இரண்டு பேரும், இப்போதுதான் சந்தித்த இரண்டு பேரும், தனித்தனியாக ஒரே எண் வைத்திருக்கலாம். கூட்டினால் ஒரே விடை வரும். களத்தில் வராது. முதல் ஜோடியில் ஒருவன் சுவருக்குப் பின்னால் போனால் இன்னொருவன் எங்கே நிற்க வேண்டும் என்று பேசாமலே தெரிந்து வைத்திருப்பான்.

2018-ல் டாம் மின்காவும் ரயன் கிளெவன், யோர்டான் ஸைகோவ் இருவரும் ட்ரூஸ்கில் 2 வெளியிட்டபோது இதைக் கணக்கில் எடுத்தார்கள். குழுவாக வருகிறவர்களுக்கு ஒரு கூடுதல் எடை, எத்தனை பேரைச் சுட்டார்கள் என்பது, எவ்வளவு நாளாக ஆடுகிறார்கள் என்பது, பாதியில் விட்டுப் போகிற பழக்கம் என்று பலதும் அதில் சேர்ந்தன. ஹேலோ 5-ன் பழைய ஆட்டங்களை வைத்து யார் ஜெயித்திருப்பார்கள் என்று கணிக்கச் சொன்னால் பழைய முறை 52 சதவீதம்தான் சரியாகச் சொன்னது. காசு சுண்டிப் போட்டாலே 50 வரும். புதிய முறை 68 சதவீதம். அந்த முன்னேற்றம் முழுக்க நண்பர்கள் கணக்கால் வந்தது என்று சொல்லமாட்டேன், அதில் எல்லாமே சேர்ந்திருக்கிறது. ஆனால் நண்பர்களைப் பிரிக்காமல், அவர்கள் நண்பர்கள் என்பதையே ஒரு திறமையாக எண்ணிப் பார்க்கலாம் என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2016-ல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. தனியாகவும் ஜோடியாகவும் மட்டும் போகக்கூடிய ரேங்க் வரிசையை, அதாவது ஆட்டம் கிடைக்கக் காத்திருக்கும் க்யூவை, எடுத்துவிட்டு, எத்தனை பேர் சேர்ந்து வந்தாலும் ஒரே வரிசை என்று வைத்தார்கள். டைனமிக் க்யூ என்று பெயர். நண்பர்களோடு ஆடுவோருக்குக் கொண்டாட்டம். தனியாக ஆடி மேலே ஏற நினைத்தவர்கள் கொதித்தார்கள். "என் ரேங்க் என் திறமையா, எதிரே வந்த குழுவின் திறமையா?" என்பது நியாயமான கேள்விதான். அடுத்த சீசனுக்கே தனி வரிசை திரும்ப வந்தது, குழுக்களுக்கு ஃப்ளெக்ஸ் என்று வேறு வரிசை. டோட்டா 2 என்ற கேமிலும் தனியாக வருகிறவர்களைத் தனியாக வந்தவர்களோடு மட்டும் சேர்க்கச் சொல்லும் ஒரு தேர்வு வைத்திருந்தார்கள். இப்படிப் பிரிப்பதற்கு ஒரு விலை உண்டு: வரிசை நீளும். மும்பை சர்வரில் அதிகாலை 3 மணிக்கு ஆட உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும். ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் மூன்று வரிசை போட்டால் மூன்றும் காலியாகத்தான் கிடக்கும். அதனால்தான் இதில் எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே விடை கிடையாது என்கிறேன். கோடிக்கணக்கில் ஆள் இருக்கும் கேமுக்கு ஒரு நியாயம், ராத்திரிக்கு ஐந்நூறு பேர் வருகிற கேமுக்கு வேறு நியாயம்.

இன்னொரு சிக்கல், நண்பர்கள் எல்லோரும் ஒரே அளவு ஆடுவதில்லை. கோவையில் இருக்கிற என் நண்பன் வாலரன்டில் இம்மார்டல், உச்சிக்கு அடுத்த ரேங்க். நான் பல படி கீழே கோல்டு. நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து ரேங்க் ஆட வாலரன்ட் விடாது, நடுவில் அவ்வளவு தூரம். சரியான தடைதான், அவனுக்கு ஏற்ற எதிரியைக் கொண்டுவந்தால் நான் ஆட்டம் முழுக்கச் செத்துக்கொண்டிருப்பேன், எனக்கு ஏற்ற எதிரியைக் கொண்டுவந்தால் அவர்கள் அவனிடம் சாவார்கள். இந்த இடத்தில்தான் ஸ்மர்ஃப் அக்கவுன்ட் முளைக்கிறது. மேலே இருப்பவன் புதிதாக ஒரு அக்கவுன்ட்டைத் திறந்து கீழே இறங்கி வந்துவிடுகிறான். ஸ்மர்ஃப் செய்கிறவர்கள் எல்லோரும் சின்னவர்களை அடித்து மகிழ வருகிறவர்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். என் வட்டத்தில் நான் பார்த்தவரை பலர் வந்தது கூட்டாளியோடு ஆட வேண்டும் என்பதற்காகத்தான். எதிரே இருக்கிற ஐந்து பேருக்கு அந்தக் காரணத்தால் ஒரு ஆறுதலும் இல்லை, அதனால் அதை நான் ஏற்கவில்லை. ஆனால் கேம் ஒரு நேர்வழி வைக்காவிட்டால் ஆட்கள் இந்தக் குறுக்குவழியைத்தான் தேடுவார்கள்.

நேர்வழி இருக்கிறது. வாலரன்டில் ஐந்து பேராக வந்தால் எந்த ரேங்க் வித்தியாசமும் தடையில்லை, புள்ளி மட்டும் குறைவாகக் கிடைக்கும். ஓவர்வாட்ச் 2 என்ற கேம் 2024-ல் வேறு மாதிரி செய்தது: ரேங்க் தூரம் அதிகமாக உள்ள குழுவை அகலக் குழு என்று வைத்து, அதேபோன்ற இன்னொரு அகலக் குழுவோடு மட்டும் மோத விட்டது. காத்திருக்கும் நேரம் கூடும். கூடட்டுமே, நண்பனோடு பேசிக்கொண்டு காத்திருப்பது ஒரு கஷ்டமா?

எங்களுக்குள் நாங்களே லாபி போட்டு ஆடும் சனிக்கிழமை கஸ்டம் ஆட்டத்தில் டீம் பிரிக்கிற வேலை என்னுடையது. நண்பர்களை வைத்து டீம் பிரிப்பது பற்றி நான் அதிகம் கற்றுக்கொண்டது படித்து இல்லை, அங்கேதான். பத்து பேர். ஆளுக்கு 10-லிருந்து 1 வரை வரிசையாக ஒரு எண் மனதுக்குள் வைத்திருக்கிறேன், யாரிடமும் சொல்வதில்லை. கோவைக்காரன் 10. மதுரையில் ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி இருவர் 9, 8. பெங்களூரில் ஒரு கணவன் மனைவி: அவன் 7, போன தீபாவளிக்குப் பிறகு ஆட ஆரம்பித்த அவள் 1. என் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் 6, எங்கள் கூட்டத்துக்குப் புதியவர். டொராண்டோ நண்பன் 5. உண்மையில் அவன் 8, ஆனால் நம் பக்கத்து அக்கவுன்ட்டில் நுழைந்து மும்பை சர்வருக்கு வருவதால் பிங், அதாவது சிக்னல் போய் வரும் நேரம், 200 மில்லிசெகண்டுக்கு மேல், அவன் சுட்டது இங்கே வந்து சேர்வதற்குள் எதிரி சுவருக்குப் பின்னால் போயிருப்பான். மீதி மூன்று பேர் 4, 3, 2. அதில் நானும் ஒருவன்.

பாம்பு முறையில், அதாவது முதல் ஆள் இந்தப் பக்கம், அடுத்த இரண்டு பேர் அந்தப் பக்கம், அடுத்த இரண்டு பேர் இந்தப் பக்கம் என்று வளைந்து வளைந்து பிரித்தால், ஒரு பக்கம் 10, 7, 6, 3, 2. இன்னொரு பக்கம் 9, 8, 5, 4, 1. கூட்டினால் 28-க்கு 27. தாளில் அருமை. ஆனால் 7-ம் 1-ம் பிரிந்துவிட்டார்கள். அவள் புதியவள், அவன் பக்கத்தில் இருந்தால்தான் ஆடுவேன் என்றாள். 1-ஐயும் 2-ஐயும் இடம் மாற்றினேன், 27-க்கு 28. சரி, அது தீர்ந்தது. ஆனால் மதுரைக்காரர்கள் இருவரும் ஒரே பக்கம். அவர்களைப் பிரித்து ஆட வைத்தால் இரண்டு பேருக்குமே மனசு ஆட்டத்தில் இருப்பதில்லை, சேர்த்து ஆட வைத்தால் 9-ம் 8-ம் 17 ஆக நிற்பதில்லை. பக்கத்துப் பக்கத்து மேஜை, ஹெட்செட்டைக் கழற்றிவிட்டே பேசிக்கொள்வார்கள். அதனால் அவர்கள் சேர்ந்திருந்தால் 2 கூட்டி 19 என்று வைக்கிறேன். இப்போது 27-க்கு 30. டொராண்டோக்காரனை இந்தப் பக்கம் கொண்டுவந்து, 3-ஐ அங்கே அனுப்பினேன். 10, 7, 6, 5, 1 சேர்ந்து 29. எதிரே 9, 8, 4, 3, 2 சேர்ந்து 26, கூட அந்த 2, ஆக 28. பல வாரம் இந்தப் பிரிப்பில்தான் ஆடினோம், முடிவு பெரும்பாலும் ரவுண்டுக் கணக்கில் 13-11, 13-10 என்று வந்தது.

இந்த எண்களைவிட எனக்கு அதிகம் யோசனை கொடுத்தது ஒடிசாக்காரர்தான். மற்ற ஒன்பது பேருக்கும் காலேஜ் கதை, ஹாஸ்டல் கதை, ஆளுக்கு ஒரு பட்டப்பெயர். அவருக்கு யாரையும் தெரியாது, தமிழும் தெரியாது. திறமையில் நடுவில் இருக்கிறார், எண் கணக்குப்படி அவரை எங்கே போட்டாலும் ஒன்றுதான். அவரைக் கோவைக்காரன் பக்கம்தான் போட வேண்டும் என்று முடிவு செய்தேன், காரணம் கோவைக்காரன் ஓயாமல் பேசுகிறவன், அதுவும் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் பேசுகிறவன். அந்த டீமுக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஆட்டம் முடியும்வரை பேச்சு ஆங்கிலத்தில். பழைய கதை எல்லாம் ஆட்டம் முடிந்தபிறகு. முதல் வாரம் அவர் ஏதும் பேசவில்லை. இரண்டாவது வாரம் பாம் இருக்கும் இடம், எதிரி வருகிற பக்கம் என்று சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் ஒருநாள் டொராண்டோக்காரனிடம் அவனுடைய ரவுட்டரைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார், அவன் நெட்வொர்க் கேபிள் போட்டதே இவர் சொல்லித்தான். எங்கள் குரூப்பில் இப்போது அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது.

போன மாதம் பெங்களூர்ப் பெண் தனியாக மெசேஜ் போட்டாள். "அண்ணா, இந்த வாரம் என்னை எதிர் டீம்ல போடுங்க. அவர் எந்த மூலையில போய் ஒளிஞ்சுக்குவார்னு எனக்குத் தெரியும்." போட்டேன். அவளை இப்போது 1 என்று வைக்க முடியாது, குறைந்தது 3. பிரிக்கக் கூடாத ஜோடி ஒன்று குறைந்ததால் எனக்கும் வேலை சுலபமானது. நண்பர்களைச் சேர்த்து வைப்பதும் எதிரெதிரே நிறுத்துவதும் அவர்கள் கேட்டு நடந்தால் இரண்டுமே நல்ல ஆட்டம்தான், கேட்காமல் தூக்கிப் போடுவதில்தான் சண்டை வருகிறது. எந்தப் பெரிய கேமிலும் "இன்று என் நண்பனுக்கு எதிராக ஆட வேண்டும்" என்று வரிசையிலேயே சொல்ல ஒரு பட்டனை நான் பார்த்ததில்லை. வைத்தால் என்ன?

வரும் சனிக்கிழமை பதினோரு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒடிசாக்காரர் தன் அறை நண்பரை அழைத்து வருகிறார். ஒரு மேப்புக்கு, அதாவது ஒரு ஆட்டத்துக்கு, ஒருவர் பார்வையாளராக உட்கார வேண்டியிருக்கும், முதல் மேப்புக்கு நானே உட்கார்ந்துவிடுகிறேன். புதியவரும் ஒடிசாக்காரரும் ஒரே பக்கம். மற்ற எட்டுப் பேரும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடாமல், கேமில் இருக்கிற பெயரைச் சொல்லியே கூப்பிட வேண்டும், யார் யார் என்று புதியவருக்குப் பிடிபடுகிறவரை. ராத்திரி பத்தரைக்கு லாபி திறந்திருக்கும், டொராண்டோவில் அப்போது சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு உட்காரச் சொல்லியிருக்கிறேன்.